புளிக்கொட்டான்

போன வாரம் மின்சார ரயிலில் என் மகளின் கைப்பையை யாரோ பிளேடால் அறுத்துவிட்டார்கள். போனது பெரிதாக ஒன்றுமில்லை. கைக்கடிகாரம், சீசன் டிக்கெட், ஒரு சீப்பு. அவள்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் வந்தாள். நான்தான் பையை வாங்கி வைத்துக்கொண்டு அறுபட்ட இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். தையல்காரர்கூட அவ்வளவு நேராக வெட்டமாட்டார். இரண்டு அங்குலம் தள்ளிப் போயிருந்தால் அவள் இடுப்பு. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவள் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்கிறேன். காவல்காரன் மாதிரி நிற்காதீர்கள் என்று என் மனைவி சொல்லிப் பார்த்துவிட்டு அலுத்துப் போனாள்.

ஆனால் உங்களிடம் மறைப்பானேன், என்னை அதிகம் உலுக்கியது பிளேடு இல்லை. யார் அறுத்திருப்பார்கள் என்று கேட்டதற்கு அவள் யோசிக்காமல் சொன்ன பதில்.

"பக்கத்துல ஒரு மீன்காரம்மா ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சுப்பா. அதுவாத்தான் இருக்கும்."

பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றாள். பையின் கிழிசலுக்குள் விரலை விட்டேன். அடியில் ஒரு புளி மிட்டாய் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது விரலில் பிசுபிசுத்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. முப்பது வருஷம் ஆகியும் புளி வாசனை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். ரசம் வைக்கிற வீட்டில் இப்படி ஒருவன் காலம் தள்ளுவது கஷ்டம்தான்.

நாங்கள் ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா பிழைக்க வந்து போட்ட கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மிளகாய் வற்றலும் புளியும் கருப்பட்டியும் கலந்த ஒரு வாசனைதான் எங்களுக்குக் காற்று. பள்ளிக்கூடத்தில் என் புத்தகத்தை இரவல் வாங்கியவர்கள் தும்மிக்கொண்டே திருப்பிக் கொடுப்பார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவோம். அந்தப் பிரயாணத்தை நினைத்தால் சந்தோஷம் ஞாபகத்துக்கு வருவதில்லை, பயம்தான் வருகிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் திருட்டுக் கதைகள் ஆரம்பமாகிவிடும். ஜன்னல் வழியே கொக்கிக் கம்பை விட்டு மூட்டையை இழுத்துக்கொண்டு போனவன் கதை. தூங்கும் பெண்ணின் காதோடு கம்மலை அறுத்தவன் கதை. மயக்கப் பொடி தூவிய வெற்றிலை கொடுத்தவன் கதை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சாமான் வாங்க வரும்போது ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நாங்கள் எல்லாவற்றையும் நம்புவோம். ரயிலில் எதிரில் யார் உட்கார்ந்தாலும், அவர் பாவம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தாலும், அவருடைய கையையே பார்த்துக்கொண்டு போவேன்.

இந்தப் பயத்துக்கு எங்கள் பெண்கள் கண்டுபிடித்த மருந்துதான் புளி. கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பிசைந்த புளியைத் தேங்காய் அளவுக்கு உருட்டி, நடுவில் நகையைப் புதைத்து, பனையோலைக் கொட்டானில் வைத்துக் கட்டிவிடுவார்கள். புளியை யார் திருடுவார்கள்? கையை விட்டாலும் ஒட்டிக்கொள்ளும். தங்கத்துக்கும் ஒன்றும் ஆகாது, பளபளவென்று வெளியே வரும். மளிகைக் கடைக்காரன் பெண்டாட்டி கையில் புளி இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இது தாயிடமிருந்து மகளுக்குப் போகிற ரகசியம். ஆண்களிடம் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் கொட்டானைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம், முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம். இதுவும் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வெள்ளைக் கால்சட்டை போட ஆரம்பித்திருந்தேன். என் அக்காவை அத்திப்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவர்களும் எங்களைப் போலத் தெற்கத்தி ஆட்கள், மளிகைக் கடைதான். அக்கா பிரசவத்துக்கு ராயபுரம் வந்தவள், கைக்குழந்தையோடு திரும்பும்போது பயந்துகொண்டு நகைகளை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தாள். மூன்று மாதமாகிவிட்டது. அவளுடைய மாமியார் இரண்டு முறை ஜாடையாகக் கேட்டுவிட்டாள். கல்யாணத்தன்று போட்டதெல்லாம் இரவல் நகையாக இருக்கும் என்று பக்கத்து வீடு வரைக்கும் பேச்சு போயிருந்தது. அந்த வாரம் அக்காவின் நாத்தனாருக்கு வளைகாப்பு. ஊரே வரும். அன்றைக்கு அக்கா மூளிக் கழுத்தோடு நின்றால் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும். அப்புறம் அந்த வீட்டில் அவள் தலை நிமிர முடியாது.

அம்மா வளைகாப்பன்று காலையில் வருவதாக இருந்தாள். என்னை முதல் நாளே அனுப்பினாள். ஒரு தகரப் பெட்டி, அதில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டு. இன்னொரு கையில் புளிக்கொட்டான்.

"ஏல, பொட்டி பத்திரம். அதுலதான் எல்லாம் இருக்கு. கைய எடுத்திராத" என்றாள். புளியைப் பற்றி அக்காவிடம் கொடு என்றதோடு சரி.

பெட்டியில் இருந்தது குழந்தையின் சட்டைகளும் முறுக்கும். நகை இருந்தது புளிக்குள். திருடன் கண் பூட்டின்மேல் போகட்டும் என்று அம்மா போட்ட கணக்கு. திருடன் கண்ணுக்கு முன்னால் என் கண் போய்விட்டது.

ராயபுரத்தில் வண்டி ஏறினேன். கரி எஞ்சின் காலம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் தூள் விழும், வெள்ளைக் கால்சட்டை போட்டவனுக்கு அது வேறு கவலை. பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கொட்டானைப் பலகையில் ஓரமாக வைத்தேன். எதிரில் கண் சிவந்த ஒருவன் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தானா, அல்லது நான் அப்படி நினைத்தேனா, இன்றைக்கும் தெரியாது. அவன் காலை நீட்டியபோது பெட்டியை இன்னும் இறுக்கினேன்.  கொருக்குப்பேட்டையில் அவன் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்தான்.

அப்போது கூடையோடு ஒரு மீன்காரம்மா நடுவில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மீன் விற்றுவிட்டு வீடு திரும்புகிறவள். அந்த ஆளிடம் எதிர்ப் பலகையெல்லாம் காலியாகக் கிடக்கிறது, அங்கே போ என்றாள். அவன் போய்விட்டான். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, பொட்டிக்குள்ள பொணமா கீது? இப்டி கட்டிப் புட்ச்சிகினு கீறே?"

வண்டியில் இருந்த மற்ற மீன்காரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகை வராத குறை. அவ்வளவு நேரம் இறுகிக் கிடந்த நெஞ்சு அவள் பக்கத்தில் வந்ததும் இளகியது. பேர் கன்னியம்மா, காத்திவாக்கத்துக் குப்பம், எண்ணூரில் இறங்கி நடப்பாளாம். கொட்டானைப் பார்த்துவிட்டு, புதுப் புளியா, வாசனை தூக்குதே என்றாள். அன்றைக்கு மிஞ்சிய கானாங்கெளுத்தி மீனைக் குழம்பு வைக்கவேண்டும், கடைப்புளி சரியில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கேட்கவே இல்லை.

ஓலைச் சந்து வழியாகப் புளி கசிந்து என் கால்சட்டையில் ஒரு கறை ஏற்கெனவே விழுந்திருந்தது. மூட்டை மூட்டையாகப் புளி விற்கிற வீட்டுக்கு ஓர் உருண்டைப் புளி எதற்கு? அம்மாவின் பைத்தியக்காரத்தனம். எண்ணூரில் அவள் எழுந்தபோது கொட்டானைத் தூக்கி அவள் கூடைக்குள் வைத்தேன். வேண்டாம் என்றாள். இருக்கட்டும் என்றேன். குப்பத்துக்கு வந்து கன்னியம்மா என்று கேள், இறா தருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். எனக்கு ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

அத்திப்பட்டில் பெட்டியை அக்காவின் முன்னால் வைத்தேன். அவளுடைய மாமியார் பூட்டைப் பார்த்து, "இம்புட்டுப் பெரிய பூட்டா? உள்ள பொன்னா வச்சிருக்கீக?" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அக்கா பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தை இடுப்பில் இருந்தது. காதில் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி சொருகியிருந்தாள்.

"புளி எங்கல?"

உங்கள் கடையில் இல்லாத புளியா என்று நான் வேடிக்கையாகக் கேட்டேன். ரயிலில் ஒரு மீன்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டதையும் பெருமையாகவே சொன்னேன். அக்கா கத்தவில்லை. குழந்தையைத் தரையில் விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தத் தகரப் பெட்டியின்மேலேயே உட்கார்ந்தாள்.

"ஏல, உள்ள என் நகை. எல்லாம் அதுலதான்ல இருந்துச்சு."

அடுப்படியில் மாமியார் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அக்காவின் உதடு வெளுத்திருந்தது. சங்கிலி, இரண்டு வளையல், சிவப்புக்கல் கம்மல் என்று விரல் மடக்கிச் சொன்னாள். நீ போ, நான் இங்கே ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

திரும்பும் வண்டிக்கு மூன்று மணி நேரம் இருந்தது. தண்டவாளத்தோடு எண்ணூர்ப் பக்கம் நடந்தேன். ஆற்றின்மேல் இருக்கும் ரயில் பாலத்தில் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி, கீழே பச்சைத் தண்ணீர். பாலத்தின் நடுவில் கால் நகர மறுத்தது. உட்கார்ந்து, நாலு காலில் ஊர்ந்தேன். வெள்ளைக் கால்சட்டைக் குமாஸ்தா. கீழே இறா பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வண்டி வந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். வந்தால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அதைவிடப் பெரிய பயம்.

குப்பத்தில் வலை முடைந்துகொண்டிருந்த ஒருவரிடம் கன்னியம்மா வீடு எது என்றேன். அவர் அவசரப்படவில்லை. "எந்தக் கன்னிம்மா? இங்க அஞ்சு கன்னிம்மா கீறாங்கோ. மூக்குத்தி கன்னிம்மாவா, வாயாடி கன்னிம்மாவா?" வாயாடி என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கரையோரத்துக் கடைசி வரிசையைக் காட்டினார்கள்.

அவள் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் எனாமல் தட்டு, அதன்மேல் ஈரத்துணி. சுற்றிலும் நாலைந்து பெண்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். ரயிலில் பார்த்த முகம் இல்லை அது, பயந்த முகம்.

"வந்துட்டியா நைனா. பேரு இல்ல, ஊரு இல்ல, உன்ன எங்கேன்னு தேடுவேன்? எங்க வூட்ல தங்கம் கீதுன்னா எவன் நம்புவான்? எங்க ஆளு உன்னத் தேடி டேசனுக்குப் போய்க்கீறாரு."

நடந்தது இதுதான். குப்பத்தில் எது வந்தாலும் அக்கம்பக்கத்துக்குப் பங்கு உண்டு. அவள் புளியை மூன்றாகப் பிய்த்து இரண்டு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். தன் பங்கை ஊறவைத்துக் கரைத்தபோது சங்கிலி கையில் வந்திருக்கிறது. ஓடிப்போய் மற்ற இரண்டு வீட்டுப் பங்கையும் வாங்கிப் பிசைந்து பார்த்து, கிடைத்ததையெல்லாம் கழுவித் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். துணியை எடுத்தாள். சங்கிலி, இரண்டு வளையல், சிவப்புக்கல் கம்மல். நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும்.

கம்மல் ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்க?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. இருந்ததே இவ்வளவுதான் என்றாள். கம்மல் ஒற்றையாகவா இருக்கும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சக்கையைப் பிழிந்து பார்த்தார்கள். அடுப்பு ஓரத்து மணலைச் சலித்தார்கள். கன்னியம்மா உள்ளே போய்க் குழம்புச் சட்டியைத் தூக்கி வந்தாள். கொதித்து இறக்கிய குழம்பு. அதை அப்படியே மணலில் கவிழ்த்து, சுடச் சுடக் கையை விட்டுத் துழாவினாள். மீன் துண்டுகள் மணலில் புரண்டன. அவளுடைய பெண் குழந்தை, ஏழெட்டு வயதிருக்கும், தட்டோடு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு வீட்டுக்காரிகளும் தங்கள் சட்டிகளைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். கம்மல் இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் கண்ணுக்கு முன் நின்றது அக்காவின் மாமியார் மட்டும்தான். ஒற்றைக் கம்மலை என்ன செய்வது? பயத்தில் இருப்பவனுக்கு நியாயம் தெரியாது என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு நான் சொன்னது வேறு. நாளைக்குள் வரவில்லையென்றால் போலீசுக்குப் போவேன் என்றேன்.

கன்னியம்மா குழந்தையை இழுத்து அதன் தலைமேல் கையை வைத்தாள். புளியும் மிளகாயும் ஒட்டி வெந்து சிவந்த கை.

"இதும் மேல ஆணையா நா எடுக்கல நைனா. எடுக்கறவளா இருந்தா ஒண்ண எதுக்குய்யா எடுப்பேன்?"

நல்ல கேள்வி.  நகைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, நடந்தேன். பின்னால் யாரும் ஏசவில்லை. அவர்கள் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாயங்கால வண்டியில் அத்திப்பட்டு போய்ச் சேர்ந்தேன். அக்கா கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தாள். உயிர் வந்த மாதிரி மூச்சு விட்டாள். பிறகு ஒற்றைக் கம்மலை எடுத்துப் பார்த்துவிட்டு, "அவ வச்சுக்கிட்டாளா?" என்றாள். ஆமாம் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

மறுநாள் காலையில் அம்மா வந்தாள். வந்தவள் நேராக உள்ளே போய், கொண்டையை அவிழ்த்து, தலைமுடிக்குள்ளிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தால் இன்னொரு கம்மல். சிவப்புக்கல் வெளிச்சத்தில் மின்னியது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கம்மலையே வெறித்ததைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

"ஒரு சோடிய ஒரே கையில குடுத்து அனுப்புவாகளா? ஒத்தக் கம்மல எந்தக் களவாணியும் விக்க முடியாதுல்லா" என்றாள்.

வளைகாப்பில் அக்கா எல்லா நகையும் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். மாமியார் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். புளி பட்டதில் புது நகை மாதிரி இருந்தன. எல்லோரும் மெச்சினார்கள். அக்கா பந்தியில் எனக்கு இலை போடும்போது குனிந்து மெதுவாகச் சொன்னாள், போகும்போது எண்ணூரில் இறங்கி அந்தம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ என்று. கண்டிப்பாக என்றேன்.

எண்ணூரில் வண்டி நின்றது. நான் ஜன்னலின் மரக்கதவைச் சாத்திவிட்டு உள்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நாளைக்கு வரலாம், ஞாயிற்றுக்கிழமை வரலாம். கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று அக்காவிடம் பொய்யும் சொன்னேன். எதற்குப் பயந்தேன்? அவள் அடிக்கவா போகிறாள்? அந்தக் கையைப் பார்க்கப் பயந்தேன், வேறொன்றுமில்லை. அப்புறம் ராயபுரத்தில் மீன்காரிகள் ஏறுகிற பெட்டியில் நான் ஏறுவதில்லை. கம்பெனியில் வெளியூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். சம்பளம் கூடும் என்று வீட்டில் சொன்னேன்.

வயது ஏறியபிறகுதான் வேறொன்று உறைத்தது. நான் போலீஸ் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எத்தனை நாள் அவள் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள்? அக்கம்பக்கத்துப் பெண்கள், எடுத்திருந்தால் சொல்லிவிடு என்று அவளிடம் கேட்டிருப்பார்களா? அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் என்ன கேட்டுக்கொண்டு வந்திருக்கும்? எனக்கென்று ஒரு பெண் பிறந்தபிறகு இந்தக் கேள்விகள் கூடிப்போயின. என் மகளுக்குக் காது குத்திய அன்று அவள் வீறிட்டு அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். அதற்குள் பதினைந்து வருஷம் ஓடியிருந்தது.

எண்ணூரில் இறங்கினால் எனக்கு இடமே தெரியவில்லை. புகைபோக்கிகள் நின்றன. லாரிகள் போகும் சாலை வந்திருந்தது. ஆற்றுத் தண்ணீரின் பச்சை போய்விட்டது. கடல் அரிக்காமல் இருக்கக் கரையில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். கல்லின்மேல் ஒருவர் நைலான் வலையை உதறிக்கொண்டிருந்தார். ஓலைக்கூரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கன்னியம்மாவைப் பற்றிக் கேட்டேன். எந்தக் கன்னியம்மா என்று அவர் கேட்கவில்லை, அந்தப் பேரில் இப்போது இங்கே யாரும் இல்லை என்றார். கரையோரத்துக் கடைசி வரிசையில் வீடு என்றேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கல்லைத் தாண்டி, தண்ணீர்ப் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த வரிசையா? அதோ, அல ஒடையுது பாரு சார், அதுக்கும் அப்பால."